சன்ரூஃப் இருக்கட்டும், முதலில் அம்மாவை ஏற்றிப் பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். மதுரையில் ஆறு பேர் உள்ள குடும்பம்: நீங்கள், மனைவி, பத்து வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள், எழுபதைத் தாண்டிய அப்பா, முழங்கால் அறுவை செய்துகொண்ட அம்மா. கையில் 25 லட்சத்தை ஒட்டிய பட்ஜெட். வருடத்துக்கு நாலைந்து தடவை சென்னை, கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல், மற்ற நாளெல்லாம் ஊருக்குள் ஓட்டம். ஷோரூமில் மூன்று எஸ்யூவிகளின் வசதிப் பட்டியலைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பனோரமிக் சன்ரூஃப், காற்று வரும் சீட், கேப்டன் சீட் (நடு வரிசையில் தனித்தனி நாற்காலி மாதிரி வருவது), கலர் விளக்கு என்று மூன்றிலும் எல்லா இடத்திலும் டிக் விழுந்திருக்கிறது. இதில் எதை வைத்து ஒப்பிடுவது என்று கேட்கிறீர்கள்.

நான் கார் விற்பவன் இல்லை. இருபது வருடமாகக் கார்களுக்கு சீட் கவர் தைப்பவன். புது வண்டி எடுத்த பூரிப்பில் வருகிறவர்களையும் பார்ப்பேன், மூன்று மாதம் கழித்து முகம் சுருங்கி வருகிறவர்களையும் பார்ப்பேன். "அண்ணே, இந்த சீட்டுல கொஞ்சம் ஃபோம் ஏத்தித் தர முடியுமா", "அப்பாவுக்கு ஏற ஒரு படி போட்டுத் தாங்க", "பின்னாடி வெயில் தாங்கல, ஏதாவது பண்ணுங்க". இந்த மூன்றும்தான் திரும்பத் திரும்ப வரும் புகார். கலர் விளக்கு எரியவில்லை என்று இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

அந்தப் பட்டியலை நான் பார்க்கும் விதம் இதுதான். கையில் ஒரு பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் சில ஆயிரம் ரூபாயில் வெளியே செய்துகொள்ளக் கூடியதையெல்லாம் அடித்துவிடுங்கள். கலர் விளக்கு, போன் சார்ஜர், வெயில் மறைப்பு, மேட், கைதாங்கிக் குஷன், பின் சீட்டுக்கு மாட்டும் ட்ரே எல்லாம் போய்விடும். மிஞ்சுவது தரையின் உயரம், கதவு திறக்கும் அகலம், சீட்டின் நீளம், பின்னால் வரும் ஏசி, சஸ்பென்ஷன், ஜன்னலின் அளவு. இவற்றை நானும் மாற்ற முடியாது, கம்பெனியும் பிறகு மாற்றித் தராது. உங்கள் பணம் இதற்குத்தான் போக வேண்டும்.

முதலில் ஏறி இறங்குவது. எந்த விளம்பரத்திலும் இது இருக்காது, ஆனால் உங்கள் வீட்டுக்கு இதுதான் பெரிய விஷயம். முழங்கால் மாற்றியவர்களுக்குக் காலைத் தூக்கி வைப்பதை விட, வைத்த காலில் எடையைப் போட்டு உடம்பை மேலே ஏற்றுவதுதான் கஷ்டம். சீட்டின் உயரம் அவர்களுடைய இடுப்புக்குச் சரியாக இருந்தால், முதலில் பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொள்வார்கள். இடுப்பை விட ஒரு சாண் மேலே இருந்தால் ஏற வேண்டும். கீழே இருந்தால் இறங்கும்போது எழுந்திருக்க முடியாது. இதற்கு எந்த அளவுப் பட்டியலும் உதவாது. அம்மா வழக்கமாகக் கட்டும் புடவையோடு ஷோரூமுக்கு வரட்டும். இடது பக்கக் கதவில் இரண்டு தடவை, வலது பக்கத்தில் ஒரு தடவை ஏறி இறங்கட்டும். அப்போது நீங்கள் அவர் முகத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். கை எதைத் தேடிப் பிடிக்கிறது? தூணில் பிடி இருக்கிறதா, கூரையில் மட்டும் இருக்கிறதா, இல்லை முன் சீட்டின் தலைத்தாங்கியைப் பிடித்து இழுக்கிறாரா என்று கவனியுங்கள்.

அதே நேரத்தில் இன்னொன்றும் பார்த்துவிடலாம். சில வண்டிகளில் கதவு கீழே வரை இறங்கி அடிச்சட்டத்தை மூடிக்கொள்ளும். அப்படி இல்லாத வண்டியில் மழை நாளில் அந்தச் சட்டத்தில் சேறு அப்பியிருக்கும், இறங்குகிறவர் புடவைக் கொசுவத்தில் அது அப்படியே ஒட்டும். என் மாமியார் ஒரு கல்யாணத்துக்குப் போய் இறங்கிய இடத்திலேயே பட்டுப்புடவையில் கறை வாங்கிக்கொண்டார். அன்றைக்கு வண்டி எடுத்த மருமகன் நான்தான். இன்றைக்கு வரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வெளியே ஃபுட் ஸ்டெப் போடலாமே என்பீர்கள். போடலாம், நானே போட்டுத் தருகிறேன். ஆனால் குறுகலான படி இரண்டுங்கெட்டான். அதில் கால் வைக்கவும் இடம் போதாது, தரையில் நேராக இறங்கவும் அது தடுக்கும். லாரி மாதிரி தனிச் சட்டத்தின் மேல் உடலை வைத்துக் கட்டிய உயரமான லேடர் ஃபிரேம் வண்டிக்கு அது தேவை. மகிந்திரா எக்ஸ்யூவி 700, ஹூண்டாய் அல்கசார் மாதிரி, சட்டமும் உடலும் ஒன்றாகவே அமைந்த மோனோகாக் வண்டிகளுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது.

அடுத்தது சீட். ஷோரூமில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் மெத்தென்று இருக்கும் சீட்டுதான் எல்லோருக்கும் பிடிக்கிறது. மதுரையிலிருந்து சென்னை சுமார் 460 கிலோமீட்டர். விழுப்புரம் வருவதற்குள் அந்த மெத்து அமுங்கி, கீழே இருக்கும் சட்டம் இடுப்பில் இடிக்கத் தொடங்கும். எங்கள் தொழிலில் ஃபோமை டென்சிட்டி, அதாவது அடர்த்திக் கணக்கில் வாங்குவோம், 32, 40 என்று. எண் கூடக் கூட முதலில் கொஞ்சம் விறைப்பாகத் தெரியும், ஆனால் ஆறு மணி நேரம் தாங்கும். வண்டியில் என்ன டென்சிட்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முழங்கையைச் சீட்டின் நடுவில் ஊன்றி மெதுவாக அழுத்திப் பாருங்கள். கொஞ்ச தூரம் போய் நின்று எதிர்த்துத் தள்ளினால் நல்ல சீட். சட்டென்று அடி தட்டினால் சந்தேகப்படுங்கள்.

நீளத்தையும் பாருங்கள். முதுகு நன்றாகச் சாய்ந்திருக்கும்போது முழங்காலுக்குப் பின்னால் மூன்று நான்கு விரல் இடைவெளி இருந்தால் போதும். முழு உள்ளங்கை போனால் தொடைக்குத் தாங்கல் இல்லை என்று அர்த்தம். உயரமான ஆட்களுக்கு இது வினை. அல்கசாரின் 2024 மாடலில் ஆறு சீட் வகையின் உயர் வேரியன்டில் இரண்டாம் வரிசைக் கேப்டன் சீட்டின் முன்பகுதியை வெளியே இழுத்து நீட்டிக்கொள்ளலாம், காற்றும் வரும். அது உண்மையிலேயே உபயோகமான வசதி. டொயோட்டா இன்னோவா ஹைகிராஸின் உயர் வேரியன்டில் கால் நீட்ட ஒட்டமன் இருக்கிறது. அறுவை செய்த காலுக்கு அதை விடச் சுகம் கிடையாது, ஆனால் அது உங்கள் பட்ஜெட்டைத் தாண்டிவிடும்.

இங்கே ஒரு வியாபாரி தன் வியாபாரத்துக்கு எதிராகவே பேசப்போகிறேன். காற்று வரும் சீட்டுக்குக் கூடுதல் பணம் கொடுத்து வாங்கிவிட்டு, மறுநாளே "அழுக்காயிடும், கவர் போடுங்க" என்று வருகிறார்கள். அந்த சீட்டுக்குள் சின்ன ஃபேன் இருக்கிறது, மேல் தோலில் நுண்ணிய துளைகள் இருக்கின்றன. மேலே ரெக்சின் கவரை மாட்டினால் ஃபேன் ஓடும், காற்று மட்டும் வராது. போன வருடம் ஒருவர் வண்டி எடுத்து மூன்று வாரத்தில் வந்தார். கவர் வேண்டாம் என்று நான் சொல்ல, அவர் வேண்டும் என்று பிடிவாதமாகப் போட்டுக்கொண்டு போனார். மே மாதம் திரும்பி வந்து கழற்றித் தரச் சொன்னார். இன்னொரு விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது: பக்கவாட்டு ஏர்பேக் முன் சீட்டின் ஓரத்துக்குள்தான் இருக்கும். அதை மூடித் தைத்தால் அது விரிய வழியில்லை. அந்த இடத்தில் விட்டுத் தைக்கத் தெரியாத கடையில் கவர் போடாதீர்கள்.

சரி, கேப்டன் சீட்டா பெஞ்ச் சீட்டா? கேப்டன் சீட் என்றால் இரண்டாம் வரிசையில் இரண்டு பேர், மொத்தம் ஆறு. உங்கள் வீடும் சரியாக ஆறு. ஏழாவதாக ஒரு அத்தை வந்துவிட்டால் ஆட்டோதான். ஆனாலும் உங்களுக்கு நான் கேப்டனைத்தான் சொல்வேன், காரணம் நடுவில் இருக்கும் வழி. பெஞ்ச் சீட் வண்டியில் பிள்ளைகள் மூன்றாம் வரிசைக்குப் போக ஒவ்வொரு தடவையும் ஓரத்து சீட்டை மடித்துக் கவிழ்க்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவர் அம்மாவாக இருந்தால், சின்னவனுக்கு ஒண்ணுக்கு வரும்போதெல்லாம் அவர் இறங்கி ஏற வேண்டும். நடுவில் வழி இருந்தால் பிள்ளைகள் எலிக்குஞ்சு மாதிரி உள்ளேயே ஓடிவிடுவார்கள். சின்னவனுக்குக் குழந்தை இருக்கை வைப்பதாக இருந்தாலும் இதே கதைதான். ஐசோஃபிக்ஸில் (குழந்தை இருக்கையைப் பூட்டும் கொக்கியில்) மாட்டிய இருக்கையோடு அந்த சீட்டைக் கவிழ்க்க முடியாது. கேப்டன் என்று போட்டிருந்தாலும் நடுவில் பெட்டி வைத்து அடைத்திருக்கிறார்களா என்று நேரில் பாருங்கள். பழைய அல்கசாரில் அப்படி ஒரு கன்சோல் இருந்தது, 2024-இல்தான் எடுத்தார்கள். செகண்ட் ஹேண்ட் பார்ப்பவர்களுக்கு இது முக்கியம்.

மூன்றாம் வரிசையை விற்பனையாளர் "பெரியவங்களும் உட்காரலாம் சார்" என்பார். உட்காரலாம்தான். வீட்டு நாற்காலி தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் இருக்கும். மூன்றாம் வரிசையில் பின் சக்கரத்தின் அச்சும் சஸ்பென்ஷனும் கீழே இருப்பதால் தரை மேலே ஏறி, சீட்டுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு அடியை ஒட்டித்தான் மிஞ்சும். பெரியவர்கள் குத்துக்காலிட்ட மாதிரி உட்கார வேண்டும். பிள்ளைகளுக்கு அது பிரச்சினை இல்லை. பிள்ளைகளுக்கு இருக்கும் பிரச்சினை வேறு: ஜன்னல்.

இன்றைய எஸ்யூவிகளில் அழகுக்காக ஜன்னல் கோட்டைப் பின்னால் போகப் போக மேலே தூக்கிவிடுகிறார்கள். ஐந்து வயதுப் பையன் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தால் அவன் கண்ணுக்கு முன்னால் தெரிவது உங்கள் மனைவியின் சீட்டு முதுகு, பக்கத்தில் பிளாஸ்டிக். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "வண்டி திரும்புகிறது" என்று சொல்லும், கண் "எல்லாம் அசையாமல் இருக்கிறது" என்று சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாமல்தான் வாந்தி வருகிறது. போதாததற்கு மூன்றாம் வரிசை பின் சக்கரத்துக்கு மேலேயே இருப்பதால் குலுக்கலும் அங்கேதான் அதிகம். எனவே பிள்ளைகளை அந்த சீட்டில் உட்காரவைத்து, நீங்களும் குனிந்து அவர்கள் கண் உயரத்திலிருந்து வெளியே பாருங்கள். கேப்டன் சீட் வண்டியில் நடு வழியாக முன்கண்ணாடி தெரியும். மலைப்பாதையில் அது பெரிய உதவி.

ஏசிக்கு வருவோம். பட்டியலில் "மூன்றாம் வரிசை ஏசி வென்ட்" என்று டிக் இருக்கும். அந்த டிக்குக்குப் பின்னால் மூன்று விதம் உண்டு. பின்னால் தனியாக ஒரு கூலிங் காயிலும் ஃபேனும் இருந்தால் அதுதான் டூயல் ஏசி. முன்னால் குளிர்ந்த காற்றையே ஃபேன் வைத்துப் பின்னால் தள்ளுவது இரண்டாவது விதம். மூன்றாவது, வெறும் குழாயை மட்டும் நீட்டிவிட்டிருப்பது. மகிந்திரா ஸ்கார்பியோ-என் போன்ற பெரிய வண்டியிலேயே மூன்றாம் வரிசைக்கு வென்ட் கிடையாது. ஓட்டுபவருக்கு அருமையான வண்டி, ஆனால் மே மாதம் பின்னால் உட்கார்ந்த பிள்ளைகளைக் கேளுங்கள். வென்ட் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். இன்னோவாவிலும் கியா கேரன்ஸிலும் கூரையிலிருந்து வருகிறது. குளிர்ந்த காற்று கனமானது, மேலிருந்து விட்டால் தானாக இறங்கி முகத்திலும் மார்பிலும் படும். நடு கன்சோலின் பின்னால் முழங்கால் உயரத்தில் வரும் வென்ட், நடு வரிசையில் உட்கார்ந்தவர் காலைக் குளிர்வித்துவிட்டு அங்கேயே நின்றுபோகும்.

இதைச் சோதிக்க ஒரே வழிதான் இருக்கிறது. டெஸ்ட் டிரைவைக் காலை பத்து மணிக்கு வைக்காதீர்கள். மதியம் ஒரு மணிக்குக் கேளுங்கள், வண்டியை வெயிலில் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். ஆறு பேரும் ஏறி ஏசியைப் போட்டு, மூன்றாம் வரிசையில் இருக்கும் பெரியவன் "இப்ப ஜில்லுன்னு இருக்குப்பா" என்று சொல்ல எத்தனை நிமிடம் ஆகிறது என்று போனில் பாருங்கள். மூன்று வண்டிக்கும் இதே மாதிரி. அந்த ஒரு எண் பட்டியல் முழுவதையும் விடப் பயன்படும்.

சன்ரூஃப் பற்றி என் கருத்தைச் சொன்னால் பிள்ளைகள் என்னை அடிப்பார்கள். பனோரமிக் கண்ணாடி வந்தால் கூரைக்குள் அதன் சட்டமும் மறைப்பும் இடம் பிடிக்கும், தலைக்கு மேல் இரண்டு விரற்கடை குறையும். மறைப்பு மெல்லிய துணியாக இருந்தால் மதுரை வெயில் அதைத் தாண்டி உச்சந்தலையில் இறங்கும். கண்ணாடியின் மூலைகளிலிருந்து மழைநீர் வடிய மெல்லிய குழாய்கள் தூண்கள் வழியாகக் கீழே போகின்றன. வேப்ப மரத்தடியில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு வேப்பம்பூவும் இலைக் காம்பும் போய் அந்தக் குழாய் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் உள்ளே சொட்டும், கூரைத் துணியில் டீக்கறை மாதிரி வட்டம் விழும். அந்தத் துணியை மாற்றித் தருவது எனக்கு நல்ல வருமானம். பிள்ளைகள் ஆசைப்பட்டால் வாங்குங்கள், ஆனால் ஓடும் வண்டியில் தலையை வெளியே நீட்டி நிற்க மட்டும் விடாதீர்கள். அதற்காகவே மேல் வேரியன்டுக்குப் போவதாக இருந்தால் இன்னொரு தடவை யோசியுங்கள்.

மேல் வேரியன்டில் இன்னொரு பொறி இருக்கிறது: சக்கரம். டாடா சஃபாரியையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் வேரியன்டில் 235/65 ஆர்17 டயர், உச்ச வேரியன்டில் 245/55 ஆர்19. நடு எண் என்பது அகலத்தில் எத்தனை சதவீதம் டயர் சுவரின் உயரம் என்பது. கணக்குப் போட்டால் முதலாவதில் ஏறக்குறைய 153 மில்லிமீட்டர், இரண்டாவதில் 135. பள்ளத்தில் விழும்போது முதலில் அமுங்கிக் கொடுப்பது அந்த ரப்பர் சுவர்தான். உச்ச வேரியன்டுக்குப் பணத்தைக் கூடக் கொடுத்துவிட்டு 18 மில்லிமீட்டர் மெத்தையை இழக்கிறீர்கள். பார்க்கக் கம்பீரம்தான், மறுக்கவில்லை.

சஸ்பென்ஷனைப் பெயரை வைத்து எடை போடாதீர்கள். எக்ஸ்யூவி 700-இல் பின்னால் இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஆடும் மல்டிலிங்க். ஹைகிராஸில் இரண்டு சக்கரத்தையும் ஒரே கட்டையால் இணைக்கும் சாதாரண டார்ஷன் பீம். ஆனால் ஹைகிராஸின் முன் பின் சக்கரத்துக்கு நடுவில் 2850 மில்லிமீட்டர் இருக்கிறது, எக்ஸ்யூவி 700-இல் 2750. நீளம் கூடினால் வண்டி முன்னும் பின்னுமாகத் தூக்கிப் போடுவது குறையும், அதனால் பீம் வைத்தும் அது நன்றாகவே போகிறது. நீங்கள் செய்ய வேண்டியது, ஆறு பேரோடு ஒரு வேகத்தடையை இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்குவது. தனியாக ஓட்டும்போது விறைப்பாகத் தெரிந்த வண்டி ஆறு பேரோடு நிதானமாகிவிடும். தனியாக மெத்தென்று போனது ஆறு பேரோடு பின்பக்கம் "டம்" என்று அடி தட்டும். அதற்கு முன் டயரில் காற்று எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். 40 பிஎஸ்ஐக்கு மேல் அடித்து வைத்திருந்தால் எந்த வண்டியும் மாட்டு வண்டிதான்.

சத்தம், அதிர்வு எல்லாம் டெஸ்ட் டிரைவிலேயே தெரிந்துவிடும். டீசல் என்றால் சிக்னலில் நிற்கும்போது பின் சீட்டில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், போதும்.

வெயில் மறைப்பு பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். பக்கக் கண்ணாடி குறைந்தது 50 சதவீதமும், முன் பின் கண்ணாடி 70 சதவீதமும் வெளிச்சத்தை விட வேண்டும் என்பது விதி. 2012-இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை போட்ட பிறகு, நடுரோட்டில் போலீஸ் நிறுத்தி உரிக்க வைத்ததைப் பார்த்திருக்கிறேன். கதவிலிருந்து இழுத்து மாட்டும் திரை வண்டியோடு வந்தால் நல்லது. வராவிட்டால் காந்தம் வைத்த வலைத் திரை வெளியே மலிவாகக் கிடைக்கும். இதற்காக வேரியன்ட் ஏற வேண்டாம்.

கடைசியாக டிக்கி. இதையும் சொகுசுக் கணக்கில்தான் சேர்ப்பேன், ஏனென்றால் டிக்கியில் இடமில்லாத பை பிள்ளைகளின் காலடிக்குத்தான் போகும். மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது அல்கசாரில் 180 லிட்டர், கேரன்ஸில் 216, ஹைகிராஸில் 300. தீபாவளிக்கு ஆறு பேர் துணிமணி, முறுக்கு டின், ஊரிலிருந்து வரும் அரிசி மூட்டை என்றால் 180 போதாது, மேலே கேரியர் போட வேண்டும். டெஸ்ட் டிரைவுக்கு வீட்டில் இருக்கும் பெரிய பெட்டியைக் கையோடு எடுத்துப்போங்கள். விற்பனையாளர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

என் கணக்கு இப்படி. ஊர் ஓட்டமும் அம்மாவின் காலும்தான் பெரிது, சாமான் குறைவு என்றால் அல்கசார் ஆறு சீட். நெடுஞ்சாலையும் மலையும் அதிகம், ஓட்டுவது பெரும்பாலும் நீங்கள்தான் என்றால் எக்ஸ்யூவி 700-இல் (2026-இலிருந்து எக்ஸ்யூவி 7எக்ஸ்ஓ என்ற பெயரில் வருகிறது) கேப்டன் சீட் வகை. பழைய வண்டி பார்த்தால் 2024 அல்லது அதற்குப் பிந்தையதாகப் பாருங்கள், அதற்கு முன் எக்ஸ்யூவி 700-இல் ஆறு சீட் கிடையாது. எஸ்யூவி என்ற பெயர்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் கேரன்ஸையும் ஒரு தடவை அம்மாவை ஏற்றிப் பாருங்கள். பெயருக்கு அது சின்னது, ஆனால் சக்கர இடைவெளி 2780 மில்லிமீட்டர், தரையும் தாழ்வு. மிச்சமாகும் லட்சங்களில் கொடைக்கானலுக்கு எத்தனை தடவை போகலாம் என்று மனைவியிடம் சொல்லிப் பாருங்கள், சன்ரூஃப் பேச்சு தானாக அடங்கும்.

எதை எடுத்தாலும் முதல் மூன்று மாதம் என் கடைப் பக்கமே வராதீர்கள். கவர் போடாமல் அந்த சீட்டிலேயே உட்கார்ந்து ஒரு சென்னை, ஒரு கொடைக்கானல் போய்விட்டு வாருங்கள். எந்த இடத்தில் வலிக்கிறது என்று அம்மாவுக்கே தெரிந்திருக்கும். அந்த இடத்துக்கு மட்டும் ஒரு குஷன் தைத்துத் தருகிறேன்.